இழை ஓடும் திசையும் பாரம் இழுக்கும் திசையும்: கனமான பெட்டிக்கும் கட்டுக்கும் எந்த டேப்?

கானாடுகாத்தானில் உங்கள் ஆயா வீட்டுச் சாமான்களை லாரி பார்சலில் சென்னைக்கு அனுப்பப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். பித்தளை அண்டா, குடம், குத்துவிளக்கு. முகப்பை மராமத்துச் செய்தபோது மிஞ்சிய, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கற்கள். கழற்றி வைத்த தேக்குச் சட்டங்கள். பனையோலையில் முடைந்த கொட்டான் கொஞ்சம், கண்டாங்கிச் சேலை கொஞ்சம். எல்லாம் சேர்ந்து 20 பெட்டியும் சில நீளக் கட்டுகளும் வரும். முதல் பெட்டியைப் பழுப்பு டேப்பால் மூன்று முறை ஒட்டித் தூக்கியதும் அடிப்பக்கம் பிளந்து விளக்கின் தண்டு வெளியே வந்துவிட்டது. கடையில் கேட்டால் இழை வைத்த டேப் என்று மூன்று வகை எடுத்துப் போடுகிறார்கள், விலையும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை, எதை வாங்குவது என்று கேட்கிறீர்கள்.

கடைக்குப் போவதற்கு முன் பிளந்துபோன அந்தப் பெட்டியை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். டேப் அறுந்திருக்கிறதா? அறாமல் அப்படியே உரிந்து வந்திருக்கிறதா? உரிந்து வந்திருந்தால் அதன் பசைப் பக்கத்தில் என்ன இருக்கிறது? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் எந்த டேப் வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும். காரைக்குடியில் 20 ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லும் பழம்பொருளும் கட்டி அனுப்புகிறேன். நான் பார்த்த பெட்டிகளில் டேப் அறுந்து பிளந்தவை மிகக் குறைவு. ஒட்டிய இடம் விட்டுத்தான் பெரும்பாலும் பிளக்கிறது.

இதை நான் நட்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு வீட்டுத் தரைக்காக 24 பெட்டி கல் அனுப்பினேன். டேப் நல்ல டேப், விலை உயர்ந்தது. பெட்டிகள் மட்டும் ஒரு மளிகைக் கடையிலிருந்து வாங்கிய பழைய பெட்டிகள். போய் இறங்கியபோது மூன்று பெட்டிகளின் அடி திறந்திருந்தது, 11 கற்கள் முனை உடைந்திருந்தன. வீட்டுக்காரர் அந்த டேப் துண்டுகளைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். ஒரு துண்டின் பசை முழுக்க மாவு போல மெல்லிய பழுப்புத் தூசி. அதன் அடியில் பசை புதிதாகவே இருந்தது. பெட்டியின் மேல் கிடந்த தூசியில்தான் அது ஒட்டியிருந்தது, பெட்டியில் ஒட்டவே இல்லை. இன்னொன்றில் அட்டையின் மேல்தாள் ஒரு சாண் நீளத்துக்கு அப்படியே பெயர்ந்து வந்திருந்தது. அங்கே பசை தன் வேலையைச் செய்துவிட்டது. ஈரம் குடித்துக் குடித்து நைந்த அட்டைதான் கைவிட்டது. அந்த இடத்தில் எவ்வளவு வலுவான டேப்பை ஒட்டியிருந்தாலும் அதுவேதான் நடந்திருக்கும். அன்றுமுதல் கனமான சாமானுக்குப் பழைய பெட்டி எடுப்பதை விட்டுவிட்டேன்.

ஆகவே 5 பிளை, அதாவது ஐந்து அடுக்கு அட்டையில் செய்த புதுப்பெட்டி வாங்குங்கள். அளவு சிறியதாக இருக்கட்டும்; 40 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 25 உயரம் இருந்தால் பித்தளைக்கும் கல்லுக்கும் போதும். ஒரு பெட்டியில் 25 கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள். பெரிய பெட்டியை வைத்துக்கொண்டு டேப்பால் அதைக் காப்பாற்ற நினைப்பதில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள்.

இனி டேப்புக்கு வருகிறேன். பழுப்பு டேப் என்பது பிளாஸ்டிக் படலத்தின் ஒரு பக்கம் பசை தடவியது. கடையில் கிடைப்பது பெரும்பாலும் 48 மில்லிமீட்டர் அகலம். பசையோடு சேர்த்து மொத்தத் தடிமன் 40 முதல் 50 மைக்ரான். ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஏறக்குறைய 4 கிலோ இழுவை தாங்கும். அதற்குள்ளேயே ரப்பர் போல நீளத் தொடங்கிவிடும். துணிப்பெட்டிக்கும் புத்தகம் கொஞ்சம் வைத்த பெட்டிக்கும் இது போதும். இழை வைத்த டேப்பில் அதே மாதிரிப் படலத்தின் மேல் கண்ணாடி நார் இழைகளை நெருக்கமாக ஓடவிட்டு, பசையில் பதித்திருப்பார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். கடைக்காரர்கள் இதை ஃபிலமென்ட் டேப் என்பார்கள். இதில் சாதாரணத் தரம் சென்டிமீட்டருக்கு 30 கிலோ அளவிலும், கனத்த தரம் 60 கிலோவுக்கு மேலும் தாங்கும். ரோலின் லேபிளில் இந்த வலுவை நியூட்டன் கணக்கில் போட்டிருந்தால் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறையக் கிலோ வந்துவிடும். எத்தனை அகலத்துக்கு அந்தக் கணக்கு என்பதையும் பாருங்கள். சிலர் 1 சென்டிமீட்டருக்குப் போடுவார்கள், சிலர் 25 மில்லிமீட்டருக்குப் போடுவார்கள். வலு வித்தியாசம் போலத் தெரிவதில் பாதி இந்தக் கணக்கு வித்தியாசம்தான்.

இந்த எண்ணைப் பார்த்ததும் பெரிய எண் உள்ளதை வாங்கிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வீட்டிலேயே கொட்டான் இருக்கிறது. அதற்கு வாங்கிய பனையோலைக் கீற்று ஒன்று மிச்சம் இருந்தால் எடுத்து, இரண்டு முனையையும் பிடித்து நெடுக்காக இழுங்கள். அறாது. அதையே நகத்தால் ஓரத்தில் கீறி நெடுக்கே பிரித்தால் நூல் நூலாக வந்துவிடும். கடையில் காட்டிய மூன்றில் முதல் வகை, இழை நெடுக்காக மட்டும் ஓடும் ஒருதிசை இழை டேப், அச்சாக அதுதான். நீளவாக்கில் யானை பலம். அகலவாக்கில் இழைகளுக்கு இடையே வெறும் படலமும் பசையும்தான் இருக்கின்றன. ஒரு முனையைக் கத்தியால் கீறிவிட்டு இழுத்துப் பாருங்கள், ஓலை போலவே பிரியும்.

இப்போது பெட்டியின் அடியைப் பாருங்கள். இரண்டு மடல்கள் நடுவில் சந்திக்கின்றன. உள்ளே இருக்கும் பாரம் அந்த இரண்டு மடல்களையும் ஒன்றைவிட்டு ஒன்று விலக்கத்தான் பார்க்கும். சந்திப்புக் கோட்டின் மேலேயே நெடுக்காக டேப்பை ஒட்டினால் பாரம் டேப்பின் அகலவாக்கில் இழுக்கிறது. ஒருதிசை இழை டேப்புக்கு அந்தத் திசையில் இழையின் வலுவே கிடையாது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கண்ணாடி இழை அத்தனையும் கோட்டுக்கு இணையாகச் சும்மா கிடக்கும். அதே டேப்பைக் கோட்டுக்குக் குறுக்கே, தையல் போடுவதுபோலப் போட்டால் ஒவ்வோர் இழையும் ஒரு மடலிலிருந்து இன்னொரு மடலுக்குப் பாலம் கட்டி இழுத்துப் பிடிக்கும். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். எத்தனையோ பேர் நல்ல டேப்பை வாங்கி நெடுக்காக ஒட்டிவிட்டு, டேப் சரியில்லை என்கிறார்கள்.

ஆகவே உங்கள் பெட்டிக்கு நான் செய்வது இது. முதலில் சந்திப்புக் கோட்டின் மேல் அகலமான டேப்பை நெடுக்காக ஒட்டி, இரண்டு பக்கமும் கீழே 7 சென்டிமீட்டர் இறக்கிவிடுவேன். மடல் விரியாமல் இருக்கவும் தூசி புகாமல் இருக்கவும் அது உதவும். பாரத்தைப் பிடிப்பதற்கு 24 மில்லிமீட்டர் இழை டேப்பைக் கோட்டுக்குக் குறுக்காகப் பெட்டியைச் சுற்றி முழு வட்டமாக இரண்டு இடத்தில் கட்டுவேன். ஒவ்வொன்றும் ஓரத்திலிருந்து பெட்டி நீளத்தில் கால்வாசி உள்ளே தள்ளி இருக்க வேண்டும். தொடங்கும் முனை பெட்டியின் பக்கவாட்டில் இருக்கட்டும். சுற்றி வந்து தன் மேலேயே ஒரு கை அகலத்துக்கு ஏறி முடியட்டும். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. முழு வட்டம் போட்டால் டேப் தன் முதுகின் மேல் தானே ஒட்டுகிறது; அட்டை தூசியாக இருந்தாலும் பிடி தளராது. பெட்டி புதிதாகவும் பாரம் குறைவாகவும் இருந்தால் முழு வட்டம் வேண்டாம். குறுக்கே மூன்று துண்டு போட்டு, இரு பக்கச் சுவரிலும் 5 முதல் 7 சென்டிமீட்டர் ஏற்றிவிட்டால் போதும். எப்படி ஒட்டினாலும் ஒட்டிய பிறகு கட்டை விரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். இந்தப் பசை அழுத்தத்தில் ஒட்டும் பசை. தேய்க்காத டேப் பாதி ஒட்டிய டேப்தான்.

பழைய பெட்டகங்களை நம் ஊர் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். பலகை தேக்கு, அதைச் சுற்றிக் குறுக்கே இரும்புப் பட்டை அடித்திருப்பார்கள். பாரத்தைச் சுமப்பது பலகை. பட்டை, பலகைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் பிடித்துக்கொள்கிறது. கப்பலேறிப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போய்வந்த பெட்டிகளைக் கட்டியவர்களுக்குப் பட்டை எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பது நன்றாகவே தெரிந்திருந்தது.

கடையில் காட்டிய இரண்டாவது வகை இழைகள் நெடுக்கும் குறுக்குமாகக் கட்டம் கட்டமாக ஓடும் டேப்பாக இருக்கும். முடைந்த கொட்டானைப் போல இது எந்தப் பக்கமும் எளிதில் பிரியாது. ஆனால் விலை கூடுதல். அதே விலைக்கு ஒருதிசை டேப்பில் நெடுக்கு வலு அதிகம் கிடைக்கும். கூரான விளிம்பு டேப்பின் மேல் உராயும் இடத்திலும், பாரம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல முடியாத கோணல் மாணலான கட்டிலும் மட்டும் இதை எடுங்கள். உங்கள் வேலையில் அப்படிப்பட்ட சாமான் ஒன்றிரண்டுதான் இருக்கும்.

மூன்றாவது வகையைப் பலர் பார்த்தே இருக்க மாட்டார்கள்: தண்ணீர் தொட்டு ஒட்டும் காகித டேப். இரண்டு பழுப்புத் தாள்களுக்கு நடுவே கண்ணாடி இழை வைத்து, ஒரு பக்கம் மாவுப்பசை பூசியிருப்பார்கள். ஈரம் பட்டதும் பசை இளகி அட்டையின் நாருக்குள் இறங்கிவிடும். காய்ந்தபின் டேப்பும் பெட்டியும் ஒரே உடம்பு. அட்டையைக் கிழிக்காமல் பிரிக்க முடியாது, ஆகவே வழியில் யாராவது திறந்திருந்தால் உடனே தெரிந்துவிடும். பெட்டியின் நடுக்கோட்டில் நெடுக்காக ஒட்டுவதற்கு இதைவிட நல்லதை நான் கண்டதில்லை. 70 மில்லிமீட்டர் அகலத்தில் வாங்குங்கள். வெந்நீராக இருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். வெறும் ஸ்பாஞ்சைத் தோய்த்துத் தடவினாலும் போதும். தண்ணீர் சொட்டச் சொட்டத் தடவினால் பசையே கழுவிக்கொண்டு போய்விடும். பிளாஸ்டிக்கிலும் மெழுகுத்தாள் ஒட்டிய பெட்டியிலும் இது ஒட்டாது. ரோலை மழைக்காலத்தில் திறந்து வைத்தால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், உறையிலேயே வையுங்கள்.

பசையைப் பற்றியும் கேளுங்கள், ஏனென்றால் நம் ஊர் வெயில் நம் ஊர் வெயில்தான். சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகையில் கிடக்கும் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். மூடிய லாரிக்குள்ளும் அப்படியே. இழை டேப்பில் அதிகம் வருவது ரப்பர் வகைப் பசை. பட்டவுடன் பிடித்துக்கொள்ளும், அட்டையில் நன்றாக ஒட்டும், ஆனால் நல்ல சூட்டில் இளகி, பாரம் இழுக்கும் பக்கமாக மெல்ல மெல்ல நகரும், வெயில் நேரே பட்டால் நாளடைவில் கெட்டும் போகும். அக்ரிலிக் பசை தொடக்கத்தில் அவ்வளவு பிடிக்காது, ஒரு நாள் போனபின்தான் முழுப் பிடிப்பு வரும். அதன்பின் சூட்டையும் வெயிலையும் நெடுநாள் தாங்கும். நீங்கள் அனுப்புவது ஓரிரண்டு நாள் பயணம், போனதும் பிரிக்கப் போகிறீர்கள் என்பதால் ரப்பர் பசையே சரி. சென்னையில் மொட்டைமாடி அறையில் ஆண்டுக்கணக்கில் அடுக்கி வைக்கும் எண்ணம் இருந்தால் அக்ரிலிக் கேட்டு வாங்கி, ஒட்டிய மறுநாள் லாரிக்குக் கொடுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் பெட்டியின் அட்டையில் ஒரு துண்டு வெட்டி எடுத்துப் போங்கள். எந்த எண்ணையும்விட அது உங்களுக்கு உதவும். டேப்பை அதில் ஒரு விரல் நீளம் ஒட்டித் தேய்த்து, பத்து நிமிடம் பொறுத்து மெதுவாக உரியுங்கள். பசைப் பக்கம் முழுக்கக் காகித நார் பெயர்ந்து வந்தால் வாங்கலாம். சுத்தமாக உரிந்து வந்தால் அந்தப் பசையும் உங்கள் அட்டையும் சேராது. அப்படியே ரோலை வெளிச்சத்தில் பிடித்து இழைகள் சீராக, இடைவெளி விடாமல் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ரோலின் ஓரத்தில் பசை பிதுங்கித் தூசி படிந்து கறுத்திருந்தால் அது வெயிலில் கிடந்த பழைய சரக்கு.

கல்லைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆத்தங்குடிக் கல்லில் டேப்பால் வரும் கெடுதலை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது சூளையில் சுட்ட ஓடு கிடையாது. கண்ணாடிச் சட்டத்தின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமென்டும் மணலும் இட்டு, தண்ணீரில் ஊறப்போட்டு, உலர்த்தி எடுப்பது. கண்ணாடியில் படிந்த முகம் என்பதால்தான் அந்த வழவழப்பு. ஆனாலும் அது சிமென்ட் முகம், எண்ணெயையும் பசையையும் உறிஞ்சும். டேப்பை நேராக முகத்தில் ஒட்டினால் பசை இறங்கி, பட்டையாகக் கறை நின்றுவிடும். அதை எடுக்கத் தேய்த்தால் வண்ணம் மங்கும். ஆகவே இரண்டு கல்லை முகத்தோடு முகம் வைத்து, நடுவே அச்சு மை இல்லாத வெள்ளைத் தாள் வைத்து ஒரு ஜோடியாக்குங்கள். மூன்று ஜோடியைச் சேர்த்து, நான்கு விளிம்பிலும் அட்டை மடித்து வைத்து, அந்த அட்டையின் மேல் 24 மில்லிமீட்டர் இழை டேப்பைக் கூட்டல் குறிபோல இரண்டு திசையிலும் ஒவ்வொரு சுற்று இறுக்கிக் கட்டுங்கள். விளிம்பில் அட்டை வைப்பதை விட்டுவிடாதீர்கள். கண்ணாடி இழை இழுத்தால் அறாது, ஆனால் கூரான விளிம்பில் மடிந்து உராய்ந்தால் ஒவ்வோர் இழையாக ஒடியும். 8 அங்குலக் கல் ஒன்று ஏறக்குறைய 2 கிலோ நிற்கும். ஆறு கல் கட்டு ஒரு பெட்டிக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் ஒன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் கல் படுத்திருக்கக் கூடாது, விளிம்பில் நிற்க வேண்டும். மராமத்து முடிந்ததும் ஈரத்தோடு அடுக்கி வைத்த கல்லாக இருந்தால் இரண்டு நாள் நிழலில் உலர்த்துங்கள். அந்த ஈரம் அட்டைக்குப் போய்விடும்.

பித்தளைக்குச் சிக்கல் குறைவு. காகிதத்தில் சுற்றி, அண்டாவுக்குள் குடம், குடத்துக்குள் செம்பு என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, ஆடாமல் வைக்கோலோ கசக்கிய தாளோ திணித்துவிடுங்கள். உள்ளே சாமான் ஆடினால் அந்த ஆட்டம்தான் மடலைக் குத்தித் திறக்கிறது. குத்துவிளக்கைத் தனித்தனியாகக் கழற்றி, தண்டைப் படுக்க வையுங்கள். தவறிப் பித்தளையில் பசை பட்டால் தேங்காய் எண்ணெய் தடவிச் சிறிது நேரம் விட்டுத் துடைத்தால் போய்விடும்.

தேக்குச் சட்டங்களைக் கட்டுவது தனி வேலை. மரத்தில் எந்த டேப்பும் நேராகப் படக் கூடாது. பழைய மெருகை உரித்துக்கொண்டு வந்துவிடும், வெயில் பட்ட ரப்பர் பசை மரத்தின் நாருக்குள் போனால் எடுக்கவே முடியாது. பழைய வேட்டித் துணியால் சட்டங்களைச் சுற்றி, முனைகளுக்கு அட்டைத் தொப்பி போட்டு, அதன் மேல் இரு முனைக்கு அருகிலும் நடுவிலும் மூன்று இடத்தில் இரண்டிரண்டு சுற்று இழை டேப் கட்டுங்கள். ஒவ்வொரு சுற்றையும் இழுத்துப் பிடித்துக்கொண்டே சுற்ற வேண்டும்; தளர்வாகச் சுற்றிவிட்டுப் பின்னால் இறுக்க முடியாது. கண்ணாடி இழைக்கு நீட்சி மிகக் குறைவு. மரம், குழாய் போன்ற அமுங்காத சாமானுக்கு அதுவே நன்மை, கட்டியது கட்டியபடி நிற்கும். துணி, பாய், மெத்தை போன்ற அமுங்கும் கட்டுக்கு அதுவே தீமை. வழியில் கட்டு அரை அங்குலம் அமுங்கினால் டேப் கூடவே சுருங்காது, தொளதொளவென்று ஆகிவிடும். அவற்றுக்குக் கயிறோ, கொஞ்சம் நீண்டு சுருங்கும் பிளாஸ்டிக் பட்டியோதான் பொருத்தம். ஒரு ஆளால் தூக்க முடியாத உத்திரக் கட்டைக்கும் பட்டிதான், டேப் வேண்டாம். கொட்டான்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிப் பருத்தி நூலால் கட்டுங்கள். சேலைக்குப் பழுப்பு டேப்பே தாராளம்.

பார்சல் ஆபீசில் ஒன்று சொல்லிவிடுங்கள்: டேப்பைப் பிடித்துப் பெட்டியைத் தூக்கக் கூடாது. இறுக்கமாகக் கட்டிய டேப்பைப் பார்த்தால் கைப்பிடி போலத்தான் தோன்றும்; சுமை ஏற்றும் அண்ணன்மார்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு முறை அப்படித் தூக்கினால் டேப் அட்டையை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கும். இரண்டு பக்கமும் கை நுழையும் அளவு துளை வெட்டிவிட்டால் யாரும் டேப்பைத் தொட மாட்டார்கள். வெட்டும்போதும் பிரிக்கும்போதும் கையுறை போடுங்கள். அறுத்த இழை முனை ஊசி போல விரலில் ஏறும், கண்ணுக்கும் தெரியாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் துண்டுகளை உடனே ஒரு பைக்குள் போட்டுக் கட்டிவிடுங்கள்.

இனிக் கணக்கு. நான் சொன்ன அளவுப் பெட்டிக்குக் குறுக்குச் சுற்று ஒன்றுக்கு 110 சென்டிமீட்டரும், மேலேறி முடிய 10 சென்டிமீட்டரும் ஆகும். இரண்டு சுற்றுக்கு 2.4 மீட்டர், 20 பெட்டிக்கு 48 மீட்டர். கல் கட்டுகளுக்கும் சட்டங்களுக்கும் இன்னும் அவ்வளவே போகும். ஆகவே 24 மில்லிமீட்டர் ஒருதிசை இழை டேப், ரப்பர் பசை, 50 மீட்டர் ரோல் மூன்று வாங்குங்கள், மூன்றாவது கைத்தவறுக்கு. சாதாரணத் தரமே போதும், 30 கிலோ என்று போட்டிருந்தால் இந்த அகலத்தில் ஒரு சுற்றே 70 கிலோ இழுவை தாங்கும். நடுக்கோட்டுக்குக் காகித டேப் கிடைத்தால், மேலும் கீழுமாகப் பெட்டிக்கு ஒரு மீட்டர் சொச்சம் பிடிக்கும், மொத்தம் 22 மீட்டர். ஒரு ரோலுக்குள் அடங்கிவிடும். கிடைக்காவிட்டால் 72 மில்லிமீட்டர் பழுப்பு டேப்பை அந்த இடத்தில் ஒட்டுங்கள். முதல் பெட்டியைக் கட்டி முடித்ததும் லாரிக்குக் கொடுக்காமல் ஓர் இரவு வீட்டிலேயே விடுங்கள். காலையில் இரண்டு பேராகத் தூக்கி, ஒரு சாண் உயரத்திலிருந்து பட்டாலைத் தரையில் சாக்கு விரித்து அதன்மேல் விட்டுப் பாருங்கள். மடல் விரியாமல் இருந்தால் மீதிப் பத்தொன்பதையும் அதேபோலக் கட்டலாம்.